பழைய போனில் ஃபைல் ஏறவில்லை, அப்டேட் வரவில்லை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் சர்வீஸ் மேசைக்கு வரும் பழைய போன்களில் பாதி பீரோவிலிருந்து வருபவை. புடவை அடுக்குக்கு அடியில் நாலைந்து வருடம் கிடந்து, பாச்சை உருண்டை வாசத்தோடு வந்து சேரும். கொண்டுவருபவர் இரண்டு வேலை சொல்வார். "இதை அப்டேட் பண்ணிக் கொடுங்க, அப்படியே உள்ளே இருக்கிற போட்டோவை எடுத்துக் கொடுங்க." நான் செய்வது தலைகீழ் வரிசையில். முதலில் உள்ளே இருப்பது வெளியே வர வேண்டும். அது கையில் கிடைத்த பிறகுதான் அப்டேட் பக்கமே போவேன். கீழே உள்ள பதில்களும் அந்த வரிசையில்தான் இருக்கின்றன.

பழைய போன் என்று இங்கே சொல்வது பட்டன் வைத்த நோக்கியாவிலிருந்து ஆண்ட்ராய்டு 7 வரை. ஐபோன் என்றால் 4எஸ் முதல் 6 வரை.

கம்ப்யூட்டரில் செருகினால் சார்ஜ் ஏறுகிறது, ஆனால் போன் வந்ததாகவே காட்டவில்லை. ஏன்?

பத்தில் ஏழு எட்டு தடவை கேபிள்தான் காரணம். யூஎஸ்பி டேட்டா கேபிளுக்குள் நான்கு கம்பிகள் இருக்க வேண்டும். இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு தகவலுக்கு. ப்ளூடூத் ஸ்பீக்கர், டார்ச் லைட், பவர் பேங்க் போன்றவற்றோடு இலவசமாக வரும் குட்டை வயர்கள் பலவற்றில் தகவல் கம்பி இரண்டுமே கிடையாது. வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாது. அதே கேபிளில் வேறொரு போனைச் செருகிப் பாருங்கள். அதுவும் சார்ஜ் மட்டும் ஏறினால் கேபிளைத் தூக்கிப் போட்டுவிடலாம்.

கேபிள் நல்லது என்றால் அடுத்து போனின் வாயைப் பாருங்கள். சட்டைப் பையிலேயே வாழ்ந்த போனில் பஞ்சு அடைத்திருக்கும். டார்ச் அடித்துப் பார்த்தால் சாம்பல் நிறத்தில் ஒரு மெத்தை தெரியும். கேபிள் உள்ளே போனதுபோல் இருக்கும், ஆனால் ஒரு மில்லிமீட்டர் வெளியே நிற்கும். போனை ஆஃப் செய்துவிட்டு, பல் குத்தும் மரக்குச்சியால் ஓரமாகச் சுரண்டி எடுங்கள். குண்டூசி வேண்டாம். மைக்ரோ யூஎஸ்பியில் நடுவில் இருக்கும் மெல்லிய நாக்கு உடைந்தால் அப்புறம் சோல்டரிங் வேலைதான்.

இரண்டும் சரி என்றால் விஷயம் செட்டிங்கில் இருக்கிறது. 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல், கம்ப்யூட்டரில் செருகியவுடன் போன் "சார்ஜ் மட்டும்" என்ற நிலையில்தான் நிற்கும். திரையின் மேலிருந்து அறிவிப்புப் பலகையை இழுத்தால் யூஎஸ்பி பற்றி ஒரு வரி இருக்கும். அதைத் தொட்டு "ஃபைல் டிரான்ஸ்ஃபர்" என்று மாற்ற வேண்டும். கழற்றிச் செருகும் ஒவ்வொரு தடவையும் மாற்ற வேண்டியிருக்கும்.

டெஸ்க்டாப் என்றால் முன்பக்க யூஎஸ்பி துளையை விட்டுவிட்டு, பின்பக்கம் மதர்போர்டிலேயே இருக்கும் துளையில் செருகிப் பாருங்கள். முன்பக்கத் துளைக்குப் போகும் உள் வயர் பல கேபினெட்களில் சுமார்தான்.

போன் தெரிகிறது, ஆனால் உள்ளே திறந்தால் காலியாக இருக்கிறது. எல்லாம் அழிந்துவிட்டதா?

இல்லை. போனின் பூட்டைத் திறக்காமல் செருகியிருப்பீர்கள். பேட்டர்னோ பின் நம்பரோ போட்டுத் திறந்துவிட்டு, மறுபடி ஃபைல் டிரான்ஸ்ஃபரைத் தேர்ந்தெடுங்கள்.

சில ஃபைல்கள் மட்டும் காணவில்லை என்றால் காரணம் வேறு. ஆண்ட்ராய்டு 2.3 காலம் வரை போனின் மெமரி கார்டு கம்ப்யூட்டருக்கு ஒரு பென் டிரைவ் போலவே தெரியும். கம்ப்யூட்டர் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் போனால் அந்தக் கார்டைத் தொட முடியாது. 2011இல் வந்த ஆண்ட்ராய்டு 3இல் இருந்து எம்டிபி என்ற முறைக்கு மாறினார்கள். இதில் கம்ப்யூட்டர் நேரடியாக நினைவகத்தைப் பார்ப்பதில்லை. போன் தான் எழுதி வைத்திருக்கும் ஒரு பட்டியலைத்தான் காட்டுகிறது. ஃபைல் இருந்தும் பட்டியலில் ஏறாமல் இருந்தால் கம்ப்யூட்டரில் தெரியாது. போனை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்தால் பட்டியல் புதிதாக எழுதப்பட்டு, காணாமல் போனவை திரும்பி வந்துவிடும்.

விண்டோஸில் "டிரைவர் கிடைக்கவில்லை" என்று வருகிறது.

டிவைஸ் மேனேஜரில் அந்தப் போனின் பெயரில் வலது கிளிக் செய்து அன்இன்ஸ்டால் கொடுத்து, கேபிளைக் கழற்றி மறுபடி செருகினால் பெரும்பாலும் சரியாகிவிடும். சரியாகவில்லை என்றால் உங்கள் விண்டோஸின் பெயரைப் பாருங்கள். பெயரின் கடைசியில் ஆங்கில "என்" எழுத்து தனியாக நின்றால் அது ஐரோப்பாவுக்காகச் செய்த பதிப்பு. மீடியா சம்பந்தப்பட்ட பகுதிகளை அதில் எடுத்திருப்பார்கள், எம்டிபியும் சேர்ந்து போயிருக்கும். மீடியா ஃபீச்சர் பேக் என்பதை மைக்ரோசாஃப்டிடமிருந்து இலவசமாக ஏற்றிக்கொள்ளலாம். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த லேப்டாப்பில் இதை ஒருமுறை தேடி அரை நாள் போனது எனக்கு.

மேக்கில் ஆண்ட்ராய்டு போன் தானாகத் தெரியாது. ஓப்பன்எம்டிபி போன்ற ஒரு மென்பொருள் வேண்டும். லினக்ஸில் பெரும்பாலும் செருகினால் போதும்.

நகலெடுக்கும்போது பாதியில் நின்றுவிடுகிறது.

ஒரே ஒரு பெரிய சினிமா ஃபைல்தான் நிற்கிறது என்றால் அதன் அளவைப் பாருங்கள். பழைய போன்களின் மெமரி கார்டு பெரும்பாலும் ஃபேட்32 முறையில் ஃபார்மேட் ஆனது. அதில் 4 ஜிபியைத் தாண்டிய ஃபைல் எதுவும் ஏறாது, கார்டில் 20 ஜிபி காலியாக இருந்தாலும் சரி.

நூற்றுக்கணக்கான போட்டோக்கள் நடுவில் நின்றால் அது எம்டிபியின் குணம். அது ஒரு நேரத்தில் ஒரு வேலையைத்தான் செய்யும். இரண்டு ஜன்னலில் இரண்டு நகல் ஓட்டினால் திணறி நின்றுவிடும். நூறு நூறாக எடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது போனில் கேலரியைத் திறந்து வேடிக்கை பார்க்காதீர்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். "கட்" கொடுக்காதீர்கள், "காப்பி" மட்டும் கொடுங்கள். கடை ஆரம்பித்த புதிதில் ஒரு கல்யாண வீட்டுப் போட்டோக்களை கட் கொடுத்து மாற்றிக்கொண்டிருந்தேன். கேபிள் லேசாக அசைந்தது. போனில் இருந்து போய்விட்டது, கம்ப்யூட்டரில் பாதிப் படம் கீழே சாம்பல் பட்டையாக வந்து நின்றது. தாலி கட்டும் படங்கள் அதில் இருந்தன. அந்த வீட்டுக்கு போட்டோகிராஃபர் தனியாக இருந்ததால் நான் தப்பித்தேன். இப்போதெல்லாம் காப்பி எடுத்த பிறகு இரண்டு பக்கமும் ஃபைல் எண்ணிக்கையும் மொத்த அளவும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து, நடுவில் நாலைந்து வீடியோவை ஓட்டியும் பார்த்துவிட்டுத்தான் போனில் கை வைப்பேன்.

தமிழில் பெயர் வைத்த ஃபைல்கள் மட்டும் ஏற மறுக்கின்றன. ஆங்கிலப் பெயர் என்றால் ஏறுகிறது. இது என்ன ஓரவஞ்சனை?

ஓரவஞ்சனை இல்லை, கணக்கு. ஆண்ட்ராய்டு போனின் உள் நினைவகத்தில் ஒரு ஃபைலின் பெயர் 255 பைட்டுக்குள் இருக்க வேண்டும். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட். அதுவும் நாம் ஒரு எழுத்து என்று நினைப்பது அங்கே ஒன்று அல்ல. "கொ" என்பது ககரம் ஒன்று, ஒகரக் குறி ஒன்று என இரண்டு குறியீடு, ஆறு பைட். "க்" என்றால் ககரமும் புள்ளியும், அதுவும் ஆறு பைட். "ஸ்ரீ" என்ற ஒற்றை எழுத்து 12 பைட்டைச் சாப்பிடுகிறது.

ஒரு அம்மா கொண்டுவந்த பென் டிரைவில் வீட்டு விசேஷப் பாட்டுகள் இருந்தன. பேரன் பெயர்களை அழகாகத் தமிழில் தட்டச்சு செய்திருந்தான். அதில் ஒன்று "சித்தப்பா வீட்டு கிரகப்பிரவேசத்தன்று அத்தையும் பாட்டியும் சேர்ந்து பாடிய நலங்குப் பாட்டு முழுவதும்". எண்ணிப் பார்த்தேன். 89 குறியீடு, 9 இடைவெளி, கடைசியில் புள்ளியோடு எம்பி3 என்பதற்கு 4. மொத்தம் 280 பைட். ஏறவில்லை. கடைசிச் சொல்லான "முழுவதும்" என்பதை மட்டும் எடுத்தேன். 252 பைட் ஆனது, ஏறிவிட்டது.

விண்டோஸும் மெமரி கார்டும் பைட்டை எண்ணாமல் குறியீட்டை எண்ணுவதால் அங்கே இதே பெயர் தொல்லை தராது. ஆகவே கார்டு ரீடரில் ஏறிய ஃபைல் போனின் உள் நினைவகத்துக்கு நகர்த்தும்போது முட்டிக்கொண்டு நிற்கும். பெயரைச் சுருக்குவது ஒன்றே வழி. எட்டுச் சொல்லுக்குள் வைத்துக்கொண்டால் பெரும்பாலும் பிரச்சினை வராது.

இன்னொன்று. ஆண்ட்ராய்டு 2.3 காலத்துப் பல போன்களில் தமிழ் எழுத்துருவே இருக்காது. பெயர் கட்டம் கட்டமாகத் தெரியும். ஃபைல் கெட்டுப்போகவில்லை, பாட்டு பாடும்.

புதிதாக வாங்கிய 64 ஜிபி மெமரி கார்டை போன் எடுக்கவில்லை.

32 ஜிபி வரை உள்ள கார்டு எஸ்டிஹெச்சி. அதற்கு மேல் எஸ்டிஎக்ஸ்சி, அது எக்ஸ்ஃபேட் என்ற வேறு முறையில் ஃபார்மேட் ஆகி வரும். பழைய போனுக்கு அந்த பாஷை தெரியாது. 32 ஜிபி கார்டே வாங்குங்கள். இன்னும் பழைய பட்டன் போன்களில் 2 ஜிபிதான் எல்லை. நோக்கியா என்73 போன்றவற்றுக்கு மினி எஸ்டி கார்டு வேண்டும், இப்போதுள்ள மைக்ரோ எஸ்டி அதன் துளையில் அப்படியே நிற்காது.

விலை ரொம்பக் குறைவாகக் கிடைத்த கார்டு என்றால் போலியாகவும் இருக்கலாம். வெளியே 64 என்று அச்சடித்து உள்ளே 8 ஜிபி வைத்திருப்பார்கள். 8 நிறையும் வரை ஒழுங்காக இருக்கும், அதன் பிறகு போடுவதெல்லாம் படம் தெரியாத ஃபைலாக மாறும். விண்டோஸில் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சின்ன மென்பொருள் கார்டு முழுவதும் எழுதி, திரும்பப் படித்து உண்மையான கொள்ளளவைச் சொல்லிவிடும். புதுக் கார்டு வாங்கிய அன்றே ஓட்டிப் பாருங்கள்.

பழைய கார்டை கம்ப்யூட்டரில் போட்டால் "ஃபார்மேட் செய்யட்டுமா" என்று கேட்கிறது.

"வேண்டாம்" கொடுத்துவிட்டு கார்டை அதே போனில் திரும்பப் போடுங்கள். ஆண்ட்ராய்டு 6 முதல் சில போன்களில் கார்டை உள் நினைவகத்தோடு சேர்த்துக்கொள்ளும் வசதி உண்டு. அப்படிச் சேர்த்த கார்டு அந்தப் போனின் சாவியால் பூட்டப்பட்டிருக்கும். வேறு எந்தக் கருவிக்கும் அது வெறும் குப்பையாகத்தான் தெரியும். அந்தப் போன் உயிரோடு இருக்கும்போதே கேபிள் வழியாக எடுத்தால்தான் உண்டு. போனை ரீசெட் செய்துவிட்டால் சாவியும் போய்விடும்.

ப்ளூடூத்தில் ஒரு படம் அனுப்ப எவ்வளவு நேரம் ஆகும்?

ப்ளூடூத் 2.1 போன்களில் எல்லாம் நன்றாக இருந்தால் நொடிக்கு 2 மெகாபிட் அளவில் ஓடும். ஒரு எம்பிக்கு நான்கு நொடி. ஒரு போட்டோவுக்குப் பரவாயில்லை. 700 எம்பி படத்துக்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல், அதுவும் நடுவில் யாரும் போன் பண்ணாமல் இருந்தால். பாட்டு, போட்டோ, கான்டாக்ட் ஆகியவற்றுக்கு மட்டும் ப்ளூடூத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

லேப்டாப்புக்கு அனுப்பினால் "தோல்வி" என்று வருவதற்குக் காரணம், விண்டோஸில் முதலிலேயே "ஃபைல் பெறு" என்ற ஜன்னலைத் திறந்து காத்திருக்க வேண்டும். ஜோடி சேர்த்தால் மட்டும் போதாது. ஐபோனுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் இடையே இந்த வழியே கிடையாது, இருவரையும் ஜோடி சேர்க்க மெனக்கெட வேண்டாம்.

ஷேர்இட் இல்லாமல் எப்படி வேகமாக அனுப்புவது?

2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு தடை செய்த 59 செயலிகளில் ஷேர்இட், ஜெண்டர், இஎஸ் ஃபைல் எக்ஸ்ப்ளோரர் மூன்றும் இருந்தன. பழைய போனில் அவை இன்னும் உட்கார்ந்திருக்கலாம். அதை நம்பிக்கொண்டிருக்க வேண்டாம்.

ஆண்ட்ராய்டு 6 அல்லது அதற்கு மேல் என்றால் கூகுளின் க்விக் ஷேர் இருக்கிறதா பாருங்கள். அதற்குக் கீழே உள்ள போன்களுக்கு நான் கடையில் செய்வது இதுதான். எஃப்டிபி வசதி, அதாவது வைஃபை வழியாக ஃபைல் மாற்றும் வசதி உள்ள ஒரு ஃபைல் மேனேஜரைப் பழைய போனில் போடுவேன். மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு அந்தப் போனிலேயே ஹாட்ஸ்பாட்டைப் போட்டு, லேப்டாப்பை அதில் இணைப்பேன். ஃபைல் மேனேஜர் ஒரு முகவரி காட்டும். பழைய ஆண்ட்ராய்டு ஹாட்ஸ்பாட்டில் அது பெரும்பாலும் 192.168.43.1 என்று தொடங்கும், பின்னால் ஒரு போர்ட் எண் இருக்கும். அதை அப்படியே விண்டோஸ் ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் முகவரிப் பட்டியில் தட்டினால் போனின் ஃபோல்டர்கள் திறந்துவிடும். இன்டர்நெட் செலவு ஒரு எம்பி கூட ஆகாது. யூஎஸ்பி வாய் செத்துப்போன போன்களை இப்படித்தான் காலி செய்கிறேன்.

வீட்டு வைஃபையில் பழைய போன் சேரவில்லையா? அதற்கு 5 கிகாஹெர்ட்ஸ் தெரியாமல் இருக்கலாம், டபிள்யூபிஏ3 பாதுகாப்பும் தெரியாது. ரூட்டரில் 2.4 கிகாஹெர்ட்ஸைத் திறந்து, பாதுகாப்பை டபிள்யூபிஏ2 என்று வைத்தால் சேர்ந்துகொள்ளும்.

நோக்கியா 6600 மாதிரி சிம்பியன் போனில் இருந்து படங்களை எப்படி எடுப்பது?

சிம்பியன் என்பது பழைய நோக்கியா போன்களின் இயங்குதளம். அதற்கு ப்ளூடூத்தே சுலபம். போனிலிருந்து லேப்டாப்புக்கு அனுப்பினால் வந்துவிடும். எதிர்ப்பக்கம் அனுப்பும்போதுதான் குழப்பம். வந்த ஃபைல் கேலரிக்குப் போகாது, எஸ்எம்எஸ் வரும் இன்பாக்ஸில் ஒரு மெசேஜாக உட்கார்ந்திருக்கும். திறந்து, சேமி என்று கொடுத்தால்தான் கேலரிக்கு நகரும். "அனுப்பினேன், வரவில்லை" என்று சொல்பவர்களின் இன்பாக்ஸைத் திறந்தால் ஒரே படம் ஆறு தடவை இருக்கும்.

சிம்பியனில் பழைய செயலியை ஏற்றும்போது "சான்றிதழ் காலாவதி" என்று வந்தால், போனின் தேதியைப் பின்னோக்கி அந்தச் செயலி வந்த வருடத்துக்கே கொண்டுபோங்கள். ஏற்றிய பிறகு தேதியைச் சரிசெய்துவிடலாம். ஏமாற்று வேலைதான், ஆனால் அந்தக் காலத்திலேயே எல்லோரும் செய்தது.

போன் ஆன் ஆகவே இல்லை என்றால் உடனே கைவிடாதீர்கள். பிஎல்-5சி பேட்டரி இன்றும் கிடைக்கிறது. சின்ன ரேடியோக்களில்கூட அதைத்தான் போடுகிறார்கள். வீங்கிய பேட்டரியை மட்டும் சார்ஜ் போட்டுப் பார்க்க வேண்டாம்.

கான்டாக்ட்டை மாற்றினால் தமிழ்ப் பெயர்கள் எல்லாம் சமக்குறியும் எண்ணுமாகக் குப்பையாக வருகின்றன.

கான்டாக்ட் ஃபைலைப் பழைய போன்கள் விகார்டு 2.1 என்ற பழைய வடிவத்தில் எழுதும். அதில் தமிழ் எழுத்தை நேரடியாக எழுதாமல், ஒவ்வொரு பைட்டுக்கும் முன்னால் ஒரு சமக்குறி போட்டுக் குறியீடாக எழுதுவார்கள். "அம்மா" என்பது ஐந்து குறியீடு, 15 பைட், அதாவது 15 சமக்குறி. வாங்கும் பக்கம் அதை அவிழ்க்கத் தெரிந்தால் அம்மா திரும்பி வருவார். கூகுள் கான்டாக்ட்ஸ் செயலி நன்றாகவே அவிழ்க்கும். சில பட்டன் போன்களுக்குத் தெரியாது. ஆகவே கான்டாக்ட்டை முதலில் ஒரு ஆண்ட்ராய்டு போனில் கூகுள் கணக்கில் ஏற்றிக்கொள்வது நல்லது.

சிம்மில் காப்பி செய்வது கடைசி வழி. பெரும்பாலும் 250 பெயர்தான் கொள்ளும், ஒரு பெயருக்கு ஒரு நம்பர், தமிழ்ப் பெயர் என்றால் ஆறேழு குறியீட்டோடு வெட்டுப்பட்டுவிடும். "மளிகைக்கடை அண்ணாச்சி" வெறும் "மளிகைக்" என்று நிற்பார்.

பழைய போனில் வாட்ஸ்அப்பே திறக்கவில்லை. அதில் இருந்த படங்கள்?

2025 ஜனவரி 1 முதல் ஆண்ட்ராய்டு 5க்குக் கீழே வாட்ஸ்அப் ஓடாது. சிம்பியனில் 2017 ஜூன் மாதத்தோடே நின்றுவிட்டது. ஆனால் செயலி நின்றாலும் படங்கள் ஃபோல்டரில் இருக்கும். உள் நினைவகத்தில் வாட்ஸ்அப் என்ற ஃபோல்டர், அதற்குள் மீடியா. அதை முழுசாக நகலெடுங்கள். செயலியை அன்இன்ஸ்டால் செய்வதெல்லாம் அதற்குப் பிறகு.

அப்டேட் பார்த்தால் "உங்கள் போன் புதிய நிலையில் உள்ளது" என்கிறது. ஆனால் ஆண்ட்ராய்டு 5தான் இருக்கிறது. எப்படி?

அந்த வரியின் உண்மையான பொருள், "உங்கள் போனுக்கு நாங்கள் செய்தவற்றில் இதுவே கடைசி" என்பது. கூகுள் புது ஆண்ட்ராய்டை வெளியிட்டதும் அது நேராக உங்கள் போனுக்கு வந்துவிடாது. உள்ளே இருக்கும் சிப்பைச் செய்தவர் அதற்கான டிரைவர்களை எழுதித் தர வேண்டும். அதன் பிறகு போன் கம்பெனி தன் மாடலுக்கு ஏற்றபடி தைக்க வேண்டும். விற்று முடித்த மாடலுக்கு இந்தத் தையல் கூலியைக் கொடுக்க யாருக்கும் மனம் வராது. 2017இல் ஆண்ட்ராய்டு 8இல் டிரெபிள் என்ற மாற்றத்தைக் கொண்டுவந்து, சிப் சம்பந்தப்பட்ட பகுதியையும் ஆண்ட்ராய்டையும் கூகுள் தனித்தனியாகப் பிரித்தது. அதற்கு முந்தைய போன்களுக்கு அந்த நன்மை இல்லை.

ஐபோன் இந்த விஷயத்தில் பரவாயில்லை. 2013இல் வந்த 5எஸ்ஸுக்கு 2023 ஜனவரியில்கூட 12.5.7 என்ற பாதுகாப்பு அப்டேட் வந்தது.

கூகுள் கணக்கு உள்ளே போகவில்லை. பல வெப்சைட்டுகளில் "பாதுகாப்பற்றது" என்று வருகிறது.

முதலில் தேதியைப் பாருங்கள். பேட்டரி முழுசாகச் செத்துக் கிடந்த போன் 1970 அல்லது 1980 ஜனவரி 1 என்று காட்டிக்கொண்டிருக்கும். வெப்சைட் உண்மையானதுதான் என்று காட்டும் சான்றிதழுக்குத் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி இரண்டும் உண்டு. 1970இல் நிற்கும் போனுக்கு உலகத்தில் உள்ள எல்லாச் சான்றிதழும் செல்லாததே. தேதியைச் சரிசெய்தவுடன் பாதி நோய் தீர்ந்துவிடும்.

தேதி சரியாக இருந்தும் வந்தால் போனின் வயதுதான் காரணம். ஆண்ட்ராய்டு 2.3.7 வரை உள்ள போன்களில் கூகுள் கணக்குக்குள் நுழைவதை 2021 செப்டம்பர் 27 முதல் கூகுள் நிறுத்திவிட்டது. அதற்கு வைத்தியம் இல்லை. 4.1 முதல் 4.4 வரை உள்ளவற்றில் வெப்சைட்டோடு பாதுகாப்பாகப் பேசும் முறையான டிஎல்எஸ் 1.2 உள்ளே இருக்கிறது, ஆனால் வழக்கமாக அணைந்திருக்கும். 5இல் இருந்துதான் தானாக எரிகிறது. அடுத்த இடறல் லெட்ஸ் என்க்ரிப்ட். ஏராளமான வெப்சைட்டுகளுக்கு இலவசமாகச் சான்றிதழ் தருவது அவர்கள்தான். அவர்களுடைய மூலச் சான்றிதழ் ஆண்ட்ராய்டு 7.1.1க்குக் கீழே கிடையாது. வேறொருவர் கையெழுத்தை வைத்து 2024 செப்டம்பர் வரை ஓட்டினார்கள். ஃபயர்ஃபாக்ஸ் உலாவி தன் சான்றிதழ்ப் பட்டியலைத் தானே சுமந்து வருவதால், அது ஏறுகிற போனில் அதே வெப்சைட் திறந்துவிடும்.

அப்டேட் இறங்கிவிட்டது. ஏற்றும்போது தோல்வி என்கிறது.

இடத்தைப் பாருங்கள். 400 எம்பி அப்டேட்டுக்கு 400 எம்பி காலி இருந்தால் போதாது, பிரித்து வைக்கவும் இடம் வேண்டும். மூன்று மடங்கு இருந்தால் நிம்மதி. பேட்டரி பாதிக்கு மேல் இருக்க வேண்டும், பழைய பேட்டரி என்றால் சார்ஜரிலேயே போட்டுவிடுங்கள்.

போனை ரூட் செய்திருந்தால், அதாவது கம்பெனி போட்ட பூட்டைத் திறந்து உள் ஃபைல்களை மாற்றும் அதிகாரம் எடுத்திருந்தால், அப்டேட் ஏறாது. வரும் அப்டேட் பெரும்பாலும் முழுத் துணி அல்ல, ஒட்டுத்துணி. ஒட்டுவதற்கு முன் பழைய ஃபைல் ஒவ்வொன்றும் கம்பெனி கொடுத்தபடியே இருக்கிறதா என்று சரிபார்க்கும். ஒன்று மாறியிருந்தாலும் நின்றுவிடும்.

ஐபோன் 5இல் ஆப் ஸ்டோர், மெயில் எதுவும் வேலை செய்யவில்லை. போனிலேயே அப்டேட் பண்ணவும் முடியவில்லை.

இது எனக்குப் பிடித்த கோளாறு. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் வாரத்தை எண்ணும்போது 1024 ஆனதும் மறுபடி பூஜ்யத்துக்கு வந்துவிடும். ஏறக்குறைய 19 ஆண்டு 7 மாதத்துக்கு ஒருமுறை. பழைய ஐபோன்களில் இந்தச் சுற்று 2019 நவம்பர் 3 அன்று முடியும் என்று தெரிந்து, ஆப்பிள் அந்த ஜூலையிலேயே ஐபோன் 5க்கு 10.3.4, 4எஸ்ஸுக்கு 9.3.6 என அப்டேட் விட்டது. பீரோவில் தூங்கிக்கொண்டிருந்த ஐபோன் 5 அதைத் தவறவிட்டிருக்கும். அதனால் தேதி குழம்பி, ஆப் ஸ்டோர், ஐகிளவுட், மெயில் எல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அப்டேட்டை இறக்குவதற்கும் அதே சரியான தேதி வேண்டும் என்பதுதான் வேடிக்கை.

வழி கம்ப்யூட்டர் மூலம்தான். ஐடியூன்ஸ் போட்டு, கேபிளில் இணைத்து, போனில் "இந்தக் கம்ப்யூட்டரை நம்பு" என்பதைத் தொட்டு, முதலில் பேக்கப் எடுங்கள். அப்புறம் அப்டேட். "ரீஸ்டோர்" என்ற பட்டன் பக்கத்திலேயே இருக்கும், அதைத் தொட்டால் எல்லாம் அழியும். 2019க்குப் பிந்தைய மேக்கில் ஐடியூன்ஸ் கிடையாது, ஃபைண்டரிலேயே போன் தெரியும்.

நெட்டில் கிடைக்கும் ஃபர்ம்வேர் ஃபைலை நானே ஃபிளாஷ் பண்ணலாமா?

பண்ணலாம். உள்ளே இருப்பது எதுவும் வேண்டாம், போன் செத்தாலும் பரவாயில்லை என்றால் மட்டும். ஃபிளாஷ் என்பது போனை இயக்கும் அடிப்படை மென்பொருளான ஃபர்ம்வேரை மறுபடி எழுதுவது. நடுவில் நின்றால் போன் ஆன் ஆகாமல் போகலாம். எங்கள் பக்கம் மதியத்தில் கரண்ட் போகும். ஒரு நாள் சாம்சங் போன் ஒன்றுக்கு ஓடின் என்ற ஃபிளாஷ் மென்பொருளில் நீலப் பட்டை முக்கால் தூரம் போனபோது டெஸ்க்டாப் அணைந்தது. டவுன்லோட் மோடு திறந்ததால் மறுபடி முதலிலிருந்து ஏற்ற முடிந்தது. அன்றிலிருந்து ஃபிளாஷ் வேலை எல்லாம் சார்ஜ் உள்ள லேப்டாப்பில் மட்டும்தான்.

மாடல் எண் ஒரு எழுத்து மாறினாலும் ஏற்றாதீர்கள். ஒரே பெயரில் விற்ற போனுக்கு உள்ளே இரண்டு வேறு சிப் இருக்கும். ஏற்றுவதற்கு முன் *#06# அழுத்தி, போனின் தனி அடையாளமான ஐஎம்இஐ எண்ணைத் தாளில் எழுதி வையுங்கள். தவறான ஃபைலால் அந்த எண் அழிந்தால் நெட்வொர்க்கே வராது. அதற்காக வேறு எண்ணை எழுதித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், இந்தியாவில் அது குற்றம்.

எல்லாம் எடுத்தாகிவிட்டது. ரீசெட் செய்து அப்பாவுக்குக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். ஆனால் ஆண்ட்ராய்டு 5.1 அல்லது அதற்கு மேல் என்றால், ரீசெட் செய்வதற்கு முன் செட்டிங்ஸில் போய் கூகுள் கணக்கை நீக்கிவிடுங்கள். நீக்காமல், பட்டன்களை அழுத்தி ரிகவரி வழியாக ரீசெட் செய்தால், மறுபடி ஆன் ஆகும்போது பழைய கணக்கின் மெயிலையும் பாஸ்வேர்டையும் கேட்டு நிற்கும். 2016இல் கடைக்காரர் போட்டுக் கொடுத்த மெயில் ஐடி யாருக்கு நினைவிருக்கும்? பாஸ்வேர்டு தெரிகிறதா என்று முதலில் கம்ப்யூட்டரில் உள்ளே நுழைந்து பாருங்கள். தெரியவில்லை என்றால் ரீசெட் வேண்டாம். படங்களையும் மெசேஜ்களையும் கையால் அழித்துவிட்டு, சிம்மை மாற்றி அப்படியே கொடுத்துவிடுங்கள்.